கியர் பொக்ஸ் ஒயிலை வீட்டிலேயே மாற்றுவது: மேல் நட்டில் தொடங்குங்கள்

தெஹிவளையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவரிடம் ஒன்றேகால் இலட்சம் கிலோமீற்றர் ஓடிய, மெனுவல் கியர் கொண்ட சிறிய கார் ஒன்று இருக்கிறது. காலையில் எடுத்தவுடன் இரண்டாம் கியர் மறுத்துக்கொண்டு விழுகிறது. எஞ்சின் ஒயிலைத் தவறாமல் மாற்றியிருக்கிறார். கியர் பொக்ஸ் ஒயிலை அவரோ, அவருக்கு முன் வைத்திருந்தவரோ எப்போதாவது மாற்றினார்களா என்பது தெரியவில்லை. அடுக்குமாடியின் வாகனத் தரிப்பிடத்தில் வைத்துத் தானே மாற்றலாமா, மாற்றினால் அந்த இறுக்கம் போய்விடுமா என்று கேட்கிறார்.

முதற் கேள்விக்குப் பதில், தாராளமாக மாற்றலாம் என்பதே. எஞ்சின் ஒயில் மாற்றுவதைவிடவும் இது எளிய வேலை, ஏனெனில் பெரும்பாலான மெனுவல் கியர் பொக்ஸ்களில் வெளியே எடுத்து மாற்றவேண்டிய பில்டர் கிடையாது. பழையதை வடியவிட்டுப் புதியதை ஊற்றுவதோடு வேலை முடிந்துவிடுகிறது. இரண்டாவது கேள்விக்கு அவ்வளவு உறுதியாகப் பதில் சொல்ல முடியாது, எனவே அதை முதலில் பார்த்துவிடுவோம்.

ஒயில் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன், கிளட்ச் முழுமையாக விடுபடுகிறதா என்று சோதித்துப் பாருங்கள். எஞ்சின் சூடாகி நிதானமாக ஓடும்போது, கிளட்சை அடிவரை மிதித்து, மனத்துள் ஐந்து எண்ணி, பிறகு ரிவர்ஸ் கியரைப் போடுங்கள். பல கார்களில் ரிவர்ஸுக்கு சின்க்ரோ வளையம், அதாவது கியர் விழுமுன் சக்கரங்களின் வேகத்தைச் சமமாக்கும் வளையம், இல்லை. உள்ளே பற்சக்கரம் சுழன்றுகொண்டிருந்தால் அது உடனே 'கரகர' என்று காட்டிக்கொடுத்துவிடும். ஐந்து விநாடி காத்த பின்பும் அந்தச் சத்தம் வந்தால் குற்றவாளி கிளட்ச்தான்: அதன் கேபிள் தளர்ந்திருக்கலாம், அல்லது ஹைட்ரோலிக் சிலிண்டர் கசியலாம். எவ்வளவு உயர்ந்த ஒயிலை ஊற்றினாலும் அது தீரப்போவதில்லை. அதேபோல், நியூட்ரலில் நிற்கும்போது கேட்கும் ஊளைச் சத்தம் கிளட்சை மிதித்தவுடன் நின்றுவிடுமானால், பெரும்பாலும் எஞ்சினின் சுழற்சியைப் பெட்டிக்குள் கொண்டுவரும் உள் தண்டின் பெயரிங் தேய்ந்திருக்கிறது என்று கொள்ளவேண்டும். புதிய ஒயில் அந்தச் சத்தத்தைச் சில நாட்களுக்கு மறைக்குமே தவிர மாற்றாது.

கிளட்ச் சரியாக இருந்து, இரண்டாம் கியர் மட்டும், அதுவும் குளிர்ந்த நிலையில் மட்டும் இறுகுமானால், சந்தேகம் ஒயிலின் மேல் விழுவது நியாயம். இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்கவேண்டும். குளிர் நாட்டுக்காரர் எழுதியதைப் படித்துவிட்டு, "காலையில் இறுகுவது இயல்புதானே" என்று நாம் ஆறுதல் கொள்வதுண்டு. நுவரெலியாவில் ஜனவரி மாதத்து விடியலில் அது பொருந்தலாம். கொழும்பில் அதிகாலையிலும் வெப்பம் 22 அல்லது 23 பாகைக்குக் கீழே போவது அரிது. அந்த வெப்பத்திலேயே இரண்டாம் கியர் மறுக்கிறதென்றால், யாரோ தேவைக்கு மிஞ்சிய தடிப்பான ஒயிலை ஊற்றியிருக்கவேண்டும், அல்லது ஒயில் கெட்டிருக்கவேண்டும், அல்லது சின்க்ரோ வளையம் தேய்ந்திருக்கவேண்டும். முதல் இரண்டையும் நீங்கள் வீட்டிலேயே தீர்க்கலாம்.

சரியான ஒயிலைத் தெரிவதற்கு, கியர் மாற்றும்போது உள்ளே நடப்பதைச் சற்றுத் தெரிந்திருப்பது உதவும். மெனுவல் கியர் பொக்ஸில் முன்னே ஓடுவதற்கான கியர்களின் பற்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று பொருந்தியே சுழல்கின்றன. நீங்கள் கியர் கம்பைத் தள்ளும்போது, கூம்பு வடிவான சின்க்ரோ வளையம், பெரும்பாலும் பித்தளையில் ஆனது, சுழலும் சக்கரத்தின் கூம்பில் போய் அழுந்தி, உராய்வினால் இரண்டின் வேகத்தையும் சமமாக்குகிறது. வேகம் சமமானதும் பற்கள் சத்தமின்றிப் பூட்டிக்கொள்கின்றன. ஆகவே ஒரே ஒயிலிடம் நாம் எதிரும் புதிருமான இரண்டு வேலைகளைக் கேட்கிறோம். பற்களுக்கு இடையே அது நீங்காத படலமாக நின்று தேய்மானத்தைத் தடுக்கவேண்டும். வளையத்துக்கும் கூம்புக்கும் இடையிலிருந்தோ கணப்பொழுதில் விலகி, உராய்வுக்கு இடம் விடவேண்டும். மிகத் தடித்த ஒயில் வளையத்தின் நுண்ணிய பள்ளங்களிலிருந்து விலகத் தாமதிக்கிறது, கியர் இறுகுகிறது. மிகவும் வழுக்கும் ஒயிலில் வளையம் பிடிமானம் இழக்கிறது, பற்கள் உரசுகின்றன.

கடையில் "கியர் ஒயில்" என்று மட்டும் கேட்பது தவறாகிவிடுவது இதனால்தான். அப்படிக் கேட்டால், லொறிக்கும் வேனுக்கும் கொடுத்துப் பழகிய கை, 90 அல்லது 140 என்று எழுதிய தகரத்தை எடுத்து நீட்டிவிடும். நீங்கள் கேட்கவேண்டியவை இரண்டு விபரங்கள். ஒன்று தடிப்பு: இப்போதைய சிறிய கார்கள் பலவற்றுக்கு 75டபிள்யூ-80, 75டபிள்யூ-85, 75டபிள்யூ-90 ஆகியவற்றுள் ஒன்றே குறிக்கப்பட்டிருக்கும். இந்த எண்களை எஞ்சின் ஒயிலின் எண்களோடு ஒப்பிட்டுப் பயப்படவேண்டாம். இரண்டுக்கும் அளவுகோல் வேறு, கியர் அளவுகோலில் 90 என்பது எஞ்சின் அளவுகோலில் ஏறக்குறைய 40, 50 தடிப்புக்குத்தான் சமம். மற்றது ஏபிஐ (அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனம்) வகுத்த தரம்: ஜீஎல்-4 அல்லது ஜீஎல்-5. எண் கூடினால் தரமும் கூடும் என்று நினைத்து ஜீஎல்-5 ஐ வாங்குவது நம்மவரிடையே சாதாரணம். ஜீஎல்-5 என்பது முதன்மையாகப் பின் அச்சு டிஃபரன்ஷியலில் (இரு பக்கச் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக்கொடுக்கும் பகுதியில்) உள்ள, ஒன்றன்மேல் ஒன்று சறுக்கியபடி சுழலும் ஹைப்பொயிட் பற்களுக்காக வகுக்கப்பட்டது. அதில் கந்தக, பொஸ்பரஸ் சேர்மானங்கள் ஜீஎல்-4 இல் இருப்பதைவிட ஏறத்தாழ இரு மடங்கு. அந்தச் சேர்மானம் பித்தளை வளையங்களுக்கு ஒவ்வாமல் போகலாம், வளையத்தின் பிடிமானத்தையும் குறைக்கலாம். முன் சக்கரங்களால் ஓடும் சிறிய கார்களில் டிஃபரன்ஷியல் அதே பெட்டிக்குள், சாதாரண சாய்வுப் பற்களோடு இருப்பதால், ஜீஎல்-5 இன் அந்தக் கூடுதல் வலிமை அங்கே தேவைப்படுவதே இல்லை. சில உற்பத்தியாளர்கள் இரண்டையும் ஏற்கிறார்கள் என்பதும் உண்மை. உங்கள் கையேடு அப்படிச் சொன்னால் எனக்கும் மறுப்பில்லை. கையேடு ஜீஎல்-4 என்று மட்டும் சொன்னால் ஜீஎல்-4 ஐத்தான் ஊற்றவேண்டும்.

விதிவிலக்குகளும் உண்டு. ஹொண்டா தன் மெனுவல் கியர் பொக்ஸ்களுக்கென்றே எம்டிஎஃப் என்ற தனி ஒயிலைக் குறிக்கிறது. அதன் பழைய மொடல்களில் எஞ்சின் ஒயிலையே கியர் பொக்ஸுக்கும் ஊற்றச் சொல்லியிருந்தார்கள். வேறு சில வாகனங்களின் மெனுவல் பெட்டிக்கு ஓட்டோ கியருக்கான ஏடிஎஃப் தேவைப்படுகிறது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரரின் காருக்கு ஊற்றியதை உங்களுடையதற்கும் ஊற்றலாம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கையேடு தொலைந்திருந்தால், மொடல் இலக்கத்தையும் கியர் பொக்ஸ் குறியீட்டையும் எழுதிக்கொண்டு பஞ்சிகாவத்தைக்குப் போங்கள். அங்கே உங்கள் மொடலின் உதிரிப்பாகங்களை மட்டும் விற்கும் கடைக்காரர் இந்த இலக்கங்களைப் பார்த்தவுடன் நட்டுகளுக்குரிய வொஷர்களையும் சேர்த்து எடுத்துத் தருவார். ஒயிலை மட்டும் அந்தந்த நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம், முத்திரை உடையாத போத்தலாகப் பார்த்து வாங்குவது என் வழக்கம். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 2 லீற்றரைச் சுற்றியே தேவைப்படும். நான் எப்போதும் ஒரு லீற்றர் கூடுதலாக வாங்கி வைப்பேன்.

இனி இடம். அடுக்குமாடித் தரிப்பிடங்களில் முதற் பிரச்சினை நிர்வாகக் குழு, இரண்டாவது பிரச்சினை தரை. முதலாவதை நீங்கள்தான் பேசித் தீர்க்கவேண்டும். தடித்த அட்டைப் பெட்டிகளை விரித்து அதன் மேல் பழைய பத்திரிகைகளையும் பரப்பி வைத்துக்கொண்டு பேசினால் பாதி வெற்றி. தரை கொங்கிறீற்றாக, மட்டமாக இருக்கவேண்டும். இன்டர்லொக் கல் பதித்த தரையில் ஜக் ஸ்டாண்டின் கால் ஒரு கல்லை மட்டும் அமுக்கி இறக்கிவிடக்கூடும். வேறு வழி இல்லையெனில் ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் கீழே கனமான பலகைத் துண்டு வையுங்கள். கார் ஜக்கின் மேல் மட்டும் நிற்கும்போது உடலின் எந்தப் பகுதியையும் அதன் கீழே நுழைக்காதீர்கள். ஜக் என்பது தூக்குவதற்கு மட்டுமே. தாங்குவதற்கு ஸ்டாண்ட் வேண்டும். இந்த ஒன்றில் விட்டுக்கொடுப்பதாக இருந்தால், குழி உள்ள ஒரு கராஜுக்குப் போய்விடுவதே மேல். சில கார்களில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒரு பக்கம் திருப்பிவிட்டால், சக்கரத்தின் பின்னாலிருக்கும் இடைவெளியால் மேல் நட்டை, அதாவது ஒயில் ஊற்றும் துளையின் நட்டை, கைகொண்டு எட்டலாம். அப்படியானால் பாதி வேலை நின்றபடியே முடிந்துவிடும்.

வேலையைத் தொடங்குமுன் பத்து, பதினைந்து நிமிடம் காரை ஓட்டிவிட்டு வாருங்கள். வெள்ளவத்தைக்குப் போய்த் திரும்பினால் போதும். காலி வீதியின் நெரிசலில் எல்லாக் கியரும் ஒருமுறையாவது விழுந்து, அடியில் படிந்த துகள்கள் ஒயிலோடு கலந்திருக்கும், ஒயிலும் இளகியிருக்கும். கொதிக்கும் சூட்டில் திறக்கவேண்டாம். அதற்குள் கியர் பொக்ஸ் எது, எஞ்சின் ஒயில் தட்டம் எது என்பதைக் கண்ணால் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். எஞ்சின் ஒயில் மாற்றப்போய்க் கியர் பொக்ஸை வடித்துவிட்டு, ஏற்கெனவே நிறைந்திருந்த எஞ்சினில் மேலும் 3 லீற்றர் ஊற்றி, இரண்டையும் கெடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

கியர் பொக்ஸில் இரண்டு நட்டுகள் இருக்கும். பக்கவாட்டில் நடு உயரத்தில் இருப்பது ஒயில் ஊற்றும் துளைக்குரியது, அடியில் இருப்பது வடிக்கும் துளைக்குரியது. முதலில் திறக்கவேண்டியது மேல் நட்டு. இதை நான் பட்டுத்தான் படித்தேன். பல ஆண்டுகளுக்கு முன், ஒரு போயா விடுமுறையன்று, வேலைக்குப் போகவேண்டியதில்லை என்ற உற்சாகத்தில் காரை ஏற்றி, கீழ் நட்டைக் கழற்றி, இருந்த ஒயிலையெல்லாம் வடியவிட்டேன். பிறகு மேல் நட்டில் ஸ்பானரை வைத்தால் அது அசையவில்லை. ஆண்டுக்கணக்கில் துருவேறி ஒட்டியிருந்த நட்டு, மூன்றாவது இழுப்பில் விளிம்புகள் உருண்டு வட்டமாகிவிட்டது. ஊற்ற வழியில்லாத, ஒரு துளி ஒயில்கூட இல்லாத பெட்டியோடு கார் நான்கு ஸ்டாண்டுகளின் மேல் நிற்க, போயா என்பதால் கடைகளும் கராஜ்களும் பூட்டிக் கிடந்தன. மறுநாள் ஒரு பாஸ் (கராஜ் மெக்கானிக்) வந்து, உருண்ட நட்டின் மேல் வேறொரு நட்டை ஒட்டவைத்து வெல்டிங் செய்து, அந்தச் சூட்டிலேயே திருகி எடுத்தார். மேல் நட்டை முதலில் தொட்டிருந்தால், அது மறுத்தவுடன் காரை இறக்கி, பழைய ஒயிலோடேயே கராஜுக்கு ஓட்டிப் போயிருப்பேன்.

நட்டுக்குப் பொருத்தமான கருவி இருக்கிறதா என்பதையும் அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். சில கார்களில் 17 அல்லது 24 மில்லிமீற்றர் அறுகோணத் தலை இருக்கும். சிலவற்றில் தலையே இருக்காது, சதுரமான குழி மட்டும் இருக்கும், அதில் ரட்செட்டின் முனையையே நேராக நுழைக்கவேண்டும். சிலவற்றுக்கு அலன் சாவி. பன்னிரண்டு முனை சொக்கெட்டைத் தவிர்த்து ஆறு முனை சொக்கெட்டையே பாவியுங்கள். முதல்நாள் இரவே நட்டைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, துரு இளக்கும் தெளிப்பானை அடித்து விட்டால் மறுநாள் கை நோகாது.

மேல் நட்டு இளகியதும் கீழ் நட்டைத் திறக்கலாம். கடைசிச் சுற்றுகளில் நட்டை உள்நோக்கி அழுத்தியபடி திருகி, சட்டென விலக்குங்கள். இல்லாவிட்டால் ஒயில் முழங்கை வரை வழியும். அதன் நாற்றம், அழுகிய முட்டையும் பூண்டும் கலந்ததுபோல், சேர்மானத்திலுள்ள கந்தகத்தால் வருவது. சட்டையில் பட்டால் மூன்று தடவை தோய்த்தாலும் போகாது. கையுறை போடுங்கள். முதலில் விரல் தடிப்பில் வளைந்து விழும் தாரை, ஐந்து நிமிடத்தில் நூலாக மெலிந்து, பிறகு துளியாகும். அவசரப்படாமல் கால் மணி நேரமாவது விட்டுவையுங்கள்.

இந்த நேரத்தில் கீழ் நட்டின் முனையைப் பாருங்கள். பெரும்பாலான நட்டுகளில் அங்கே ஒரு சிறு காந்தம் இருக்கும். அதன் மேல் சாம்பல் நிறத்தில், பற்பசைபோல் ஒரு குழம்பு முளைத்திருக்கும். அதைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே வைத்துத் தேய்த்துப் பாருங்கள். மாவாக வழுக்கினால் அது ஒன்றேகால் இலட்சம் கிலோமீற்றரின் இயல்பான தேய்மானம், துடைத்துவிட்டுப் போகலாம். நெருடினால், அதாவது ஊசிபோன்ற சீவலோ, பல்லின் துண்டோ தட்டுப்பட்டால், பெட்டியைத் திறந்து பார்க்கும் வேலை காத்திருக்கிறது என்று பொருள். வடிந்த ஒயிலில் பொன் தூள்போல் மினுங்கினால் அது சின்க்ரோ வளையத்தின் பித்தளை, காந்தத்தில் ஒட்டாது. கொஞ்சம் மினுங்குவது வயதுக்கு இயல்பு. தட்டம் முழுவதும் மினுங்கினால் உங்கள் இரண்டாம் கியரின் கதை தெரிந்துவிட்டது, புதிய ஒயில் அதைச் சிறிது தணிக்கும், அவ்வளவுதான்.

ஒயிலின் நிறமும் பேசும். கறுத்திருந்தால் வயது. பால்தேநீர் நிறத்தில் கலங்கியிருந்தால் தண்ணீர். இது கொழும்பில் அடிக்கடி நடப்பது, ஏனென்றால் கியர் பொக்ஸின் மேலே காற்று போய்வர ஒரு சிறு துளை இருக்கிறது. சூடான பெட்டி திடீரென வெள்ளத்தில் மூழ்கும்போது உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, அந்தத் துளை வழியாகவும் தண்டுகளின் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. 2016 மே மாத வெள்ளத்தில் களனி கங்கை பெருகி வெல்லம்பிட்டியும் கொலன்னாவையும் மூழ்கியபோது, எஞ்சினுக்குள் தண்ணீர் போகாமல் தப்பிய வாகனங்களை ஓட்டிக்கொண்டு வந்தவர்கள், கியர் பொக்ஸை நினைத்துப் பார்க்கவில்லை. சக்கரத்தின் நடுப்பகுதி மூழ்குமளவு தண்ணீரில் நின்ற கார் என்றால் கிலோமீற்றர் கணக்கைப் பார்க்காமல் மாற்றிவிடவேண்டும். கலங்கிய ஒயில் வந்தால், புதியதை ஊற்றிச் சில நாட்கள் ஓட்டிவிட்டு, அதையும் வடித்து மறுபடி ஊற்றுங்கள். ஒரு தடவையில் தண்ணீர் முழுவதும் வராது.

வடிந்த அளவை ஒரு போத்தலில் ஊற்றி அளந்து வைத்துக்கொள்ளுங்கள். கியர் பொக்ஸ் எஞ்சின்போல் ஒயிலை எரிப்பதில்லை. 2 லீற்றர் கொள்ளும் பெட்டியிலிருந்து 1.4 லீற்றர்தான் வந்ததென்றால் மிச்சம் எங்கோ கசிந்திருக்கிறது. சக்கரத்துக்குப் போகும் அச்சுத் தண்டுகளின் சீல்களைச் சுற்றி ஈரப் பிசுக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு கீழ் நட்டைப் புதிய வொஷருடன் பூட்டுங்கள். பெட்டியின் உடல் அலுமினியம் என்பதை மறக்கவேண்டாம். பலம் கொண்ட மட்டும் இறுக்கினால் மரை கழன்றுவிடும், அதன் செலவு ஒயிலைவிடப் பல மடங்கு. முறுக்கு அளவு ஸ்பானர் இருந்தால் கையேட்டின் அளவுக்கு இறுக்குங்கள், இல்லையேல் சாதாரண நீளமுள்ள ரட்செட்டால், ஒரு கையால், வொஷர் அழுந்துவதை உணரும்வரை.

ஊற்றுவதற்குப் புனலை நேராக வைக்க இடம் இருக்காது. ஹாட்வெயார் கடையில் ஒன்றரை மீற்றர் தெளிவான பிளாஸ்டிக் குழாய் வாங்கி, எஞ்சின் அறையின் மேலிருந்து இறக்கி, ஒரு முனையை மேல் துளைக்குள்ளும் மறுமுனையைப் புனலிலும் செருகினால், ஒயில் தன் பாட்டில் இறங்கும். போத்தல்களை அரை மணி நேரம் வெயிலில் வைத்து எடுத்தால் இன்னும் வேகமாக இறங்கும். கொழும்பு வெயிலால் கிடைக்கும் அரிய நன்மைகளில் இதுவும் ஒன்று. துளையின் கீழ் விளிம்பிலிருந்து ஒயில் வழியத் தொடங்குவதே நிறைந்ததற்கு அடையாளம், ஆனால் அது கார் மட்டமாக இருக்கும்போது மட்டுமே செல்லும். முன்பக்கத்தை மட்டும் தூக்கி வைத்துவிட்டு வழிவதைப் பார்த்து நிறுத்தினால், துளை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பொறுத்துக் கூடியோ குறைந்தோ போகும். நான்கு பக்கமும் ஸ்டாண்டில் ஏற்றுங்கள். முடியாவிட்டால் அளந்து ஊற்றி, காரைத் தரையில் இறக்கிய பின் மேல் துளையைத் திறந்து சரிபாருங்கள். வழிவது துளியானதும் மேல் நட்டையும் புதிய வொஷரோடு பூட்டலாம். கூடுதலாக இருந்தால் இன்னும் நல்லது என்று நினைத்து மேலே ஊற்றவேண்டாம், மிஞ்சிய ஒயில் நுரைத்துச் சீல் வழியாக வெளியே வரும்.

பழைய ஒயிலைக் கானில் ஊற்றாதீர்கள். வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கான்கள் கால்வாய்க்குப் போகின்றன, கால்வாய்கள் கடலுக்கு. மூடியுள்ள போத்தலில் அடைத்து, நீங்கள் வழமையாகப் போகும் சேர்விஸ் நிலையத்தில் கொடுங்கள். அவர்கள் பாவித்த ஒயிலைச் சேகரித்து வைத்து, அதை எடுத்துச் செல்பவர்களிடம் கொடுக்கிறார்கள்.

எத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை என்பதில் கருத்து வேறுபாடு உண்டு; வாழ்நாள் முழுவதும் மாற்றத் தேவையில்லை என்று சில உற்பத்தியாளர்கள் சொல்வதுமுண்டு. அந்த வாழ்நாள் யாருடையது என்று நான் கேட்பேன். 2020 மார்ச்சிலிருந்து 2025 பெப்ரவரி வரை தனியார் கார் இறக்குமதியே இல்லாமல் இருந்த நாட்டில், நாம் ஒரு காரை வைத்திருக்கும் காலம் அவர்கள் மனத்தில் வைத்திருந்த காலத்தைவிட நீண்டது. நகர நெரிசலில் ஓடும் காருக்கு 40,000 முதல் 50,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவதை நான் கடைப்பிடிக்கிறேன்.

மாற்றிய அன்றிரவு பெட்டியின் நேர் கீழே ஒரு சுத்தமான அட்டையை விரித்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் அதில் பொட்டு இல்லையென்றால் நட்டுகள் சரி. பிறகு ஒரு வாரம் ஓட்டிவிட்டு, இரண்டாம் கியரை மறுபடி கவனியுங்கள். புதிய ஒயில் வளையங்களின் பள்ளங்களில் இருந்த பழைய பிசுக்கைக் கழுவ அவ்வளவு நாள் எடுப்பதுண்டு. அதற்குப் பிறகும் சூடான நிலையிலும் உரசினால், தேய்ந்த வளையத்தை மாற்றுவதைப் பற்றி பாஸ் ஒருவரோடு பேசவேண்டிய நேரம். அதுவரை, இரண்டாம் கியருக்கு இறக்கும்போது கம்பை ஒரே தள்ளாகத் தள்ளாமல், நியூட்ரலில் ஒரு கணம் நிறுத்தி, வேகம் குறைந்த பின் மெல்ல அழுத்துங்கள்.